தேராத தண்டம் யாரைக் காக்கும்?

சட்டமும் தண்டமும் இல்லையேல் மக்கள் ஒருங்கு வாழ்தல் இயலாது என்பது பெரும்பாலோர் உடன்படும் கொள்கை. வலியார் மெலியாரை விழுங்காமல் காத்து நிற்பது வேந்தன் கைக்கோலே என்று பழந்தமிழ் நூல்கள் பல பேசுகின்றன. இதற்குச் சான்று காட்ட விரும்புவோர் திருக்குறளின் செங்கோன்மை அதிகாரத்தை எடுப்பர். அதிலும், கொடியவரைக் கொலைத்தண்டத்தால் ஒறுப்பதைப் பயிரிடையே களையெடுப்பதற்கு ஒப்பிடும் இறுதிக் குறளையே எடுப்பர். பட்டிமன்ற மேடைகளில் அக்குறள் படும் பாட்டை ஆசிரியப் பெருமக்கள் அறிவர்.

அவ்வதிகாரத்தின் முதற்குறளை அவர்கள் எடுப்பதில்லை. குற்றத்தை ஆராய்தல், யாரிடத்தும் கண்ணோட்டம் கொள்ளாமை, நடுவுநிலை, தக்காரோடு தேர்ந்து செய்தல் என்னும் இவற்றை முறைக்கு இலக்கணமாக வைத்துத் தொடங்குகிறார் வள்ளுவர். களை பத்தாவதாக வருகிறது. அடுத்துவரும் கொடுங்கோன்மை அதிகாரத்தில், நாள்தோறும் நாட்டில் நிகழ்வதை நாடி முறைசெய்யாதவன் நாளுக்கு நாள் நாடு இழப்பான் என்கிறார். அதற்கடுத்த வெருவந்த செய்யாமையில், ஓங்குகையில் கடுமையாக ஓங்கி எறிகையில் மென்மையாக எறிக என்கிறார். மூன்று அதிகாரங்கள், முப்பது குறள்கள் இப்படி நடக்க, ஒன்றை மட்டும் பிடுங்கி வந்து தூக்குமரத்துக்கு முட்டுக்கொடுப்பது நூலுக்கு நேர்மை செய்ததாகாது.

களை என்னும் உவமையையும் சற்று நின்று நோக்கலாம். மலாயாவின் முற்காலத் தோட்டங்களில், பால்மரத்தடியில் ஒரு புல்லும் நில்லாமல் செதுக்கி எடுப்பதே நல்ல தோட்டத்துக்கு அடையாளம் என்று துரைமார் கருதினர். நம் பாட்டிமார் முதுகொடியப் புல் வெட்டினர். மழைக்கு மேல்மண் அரித்துச் சரிவுகள் வெறுமையான பின்னரே, அவரையினக் கொடிகளைப் படரவிட்டுத் தரையை மூடிக் காக்கும் வழக்கம் பரவிற்று. எது களை, எது மண்ணைப் பிடித்து நிற்பது என்று அறியாத மண்வெட்டி இரண்டையும் ஒன்றாகவே பார்க்கும்.

நிற்க. தண்டம் மக்களைக் காக்கிறதா என்னும் வினாவைத் தமிழில் மிக ஆழமாக எழுப்பிய நூல் சிலப்பதிகாரம். அரசியல் பிழைத்தவனுக்கு அறமே கூற்றுவனாகும் என்பதை நூலின் முதற்கருத்தாகப் பதிகம் சொல்கிறது. நாம் வகுப்பில் அதைச் சொல்லிவிட்டு, பாண்டியன் ஆராயவில்லை, ஆகவே அழிந்தான் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். அவன் ஆராயாமை எவ்வாறு நிகழ்ந்தது என்பதை இளங்கோவடிகள் கொலைக்களக் காதையில் படிப்படியாகக் காட்டியிருப்பதை விட்டுவிடுகிறோம்.

ஊடிச் சென்ற தேவியைத் தெளிவிக்க விரைகிறான் மன்னன். வழியில் பொற்கொல்லன் வந்து பணிகிறான். களவுபோன சிலம்பு கள்வன் கையில் இருக்குமாயின் அவனைக் கொன்று சிலம்பைக் கொணர்க என்று ஆணை பிறக்கிறது. இவ்விடத்துப் பழைய உரை ஒரு நயம் கூறும். கள்வனைக் கொல்லும்பொருட்டுச் சிலம்புடன் கொணர்க என்று சொல்லக் கருதியவன், தீவினை விளையும் காலமாதலின், கொன்று கொணர்க என்று சொல்லிவிட்டான் என்பது அது. மன்னன் நாக்கைக் காப்பாற்ற உரையாளர் மேற்கொண்ட முயற்சி என்றே எனக்குத் தோன்றுகிறது. நாப்பிழை என்றே கொண்டாலும் குற்றம் குறைவதில்லை. ஒரு வினையெச்சம் பிறழ்ந்தால் ஓர் உயிர் போகும் என்றால், அந்த ஆட்சியில் ஆணைக்கும் வாளுக்கும் இடையே நிற்பவர் எவருமிலர் என்பதுதானே பொருள்?

ஆனால் நின்றவர் உண்டு. அதுதான் அக்காதையின் வியப்பு. காவலர் கோவலனைக் காண்கின்றனர். இவன் கொலைப்படும் கள்வன் போலத் தோன்றவில்லை என்று தயங்குகின்றனர். கற்றறியாக் காவலர்க்கும் உள்ளத்தில் ஒரு நீதிமன்றம் இருந்தது. அதைக் கலைப்பவன் பொற்கொல்லன். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என எட்டு வகையைக் கள்வர் நூலிலிருந்து அடுக்குகிறான். இவற்றில் வல்லவனைத் தோற்றத்தால் கண்டறிய முடியாது என்கிறான். கள்வனாகத் தோன்றாமையே கள்வன் என்பதற்குச் சான்றாகிவிடுகிறது! பிறகு ஒரு பழைய திருட்டுக் கதை. அதைக் கேட்ட இளங்காவலன் ஒருவன், மழையிருளில் தன் வாளையே பறித்துச் சென்ற கள்வனின் கதையைச் சொல்கிறான். கோவலனைப் பற்றி எவரும் ஒரு செய்தியும் சொல்லவில்லை. வேறு கள்வரைப் பற்றிய கதைகளே அவனைச் சூழ்ந்து நிற்கின்றன. அச்சம் போதிய அளவு திரண்டதும், கல்லாத களிமகன் ஒருவன் வாளை வீசிவிடுகிறான். வகுப்பில் ஒருவன் எழுதுகோல் காணாமற்போனால், முன்பு திருடிய பையனை நோக்கி நாற்பது தலைகள் ஒருங்கே திரும்புவதைக் கண்ட ஆசிரியர்களுக்கு இக்காட்சி புதிதன்று.

இங்குச் சான்று என்பது ஒன்றே: சிலம்பு கையில் இருந்தது.

இக்கதையை எங்கள் வட்டாரத்தில் இருந்துகொண்டு படிப்பவனுக்கு 1949-ஆம் ஆண்டு நினைவுக்கு வராமல் போகாது. அதற்கு முந்திய ஆண்டு ஜூன் மாதத்தில் சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டனர்; மலாயா முழுவதும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருந்தால் மரண தண்டனை என்று அவசரகால விதி வகுத்தது. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராயிருந்தவர் எஸ். ஏ. கணபதி, தஞ்சை மாவட்டத்தில் பிறந்து இளமையில் கடல் கடந்து வந்தவர். 1949 மார்ச் முதல் நாள் ரவாங்கையடுத்த வாட்டர்ஃபால் தோட்டத்தில் அவர் பிடிபட்டார். கையில் ஒரு சுழல்துப்பாக்கியும் தோட்டாக்களும் இருந்தன என்பது வழக்கு. கண்டெடுத்த துப்பாக்கியை ஒப்படைக்கச் சென்றுகொண்டிருந்தார் என்று அவர் சார்பில் சொல்லப்பட்டதாக எழுதியோர் உண்டு. மே மாதம் 4-ஆம் நாள் புடு சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார். பிடித்த நாளுக்கும் தூக்கிய நாளுக்கும் இடையே 64 நாட்கள். இந்திய அரசு பரிந்து பேசியதும் பயன்படவில்லை.

கணபதி குற்றவாளியா அல்லரா என்று தீர்ப்பது என் நோக்கமன்று. அவரைக் கோவலனுக்கு ஒப்பிடவும் நான் துணியேன். கோவலனுக்கு விசாரணையே இல்லை. கணபதிக்கு நீதிமன்றம் இருந்தது. நான் ஒப்பிடுவது ஆணைகள் இரண்டை. சிலம்பு கையில் இருப்பின் கொல்க என்பது ஒன்று. துப்பாக்கி கையில் இருப்பின் கொல்க என்பது மற்றொன்று. இரண்டிலும் பொருள் எங்கே இருந்தது என்பதே வினா. குற்றம் மெய்ப்பட்டபின், வைத்திருந்தவன் யார், எத்தகையவன், எவ்வளவு தண்டம் தகும் என்று எடைபோட நீதிபதிக்கே வழியில்லை. ஒரே தண்டனையை முன்கூட்டி எழுதிவைத்துவிட்ட சட்டம், நீதியரசரைக் காவலனின் நிலைக்கு இறக்கிவிடுகிறது. கோல் அவர் கையில். கோலின் கனம் வேறொருவர் கையில்.

இந்த வழக்கம் அவசரகாலத்தோடு ஒழியவில்லை. போதைப்பொருள் கடத்தலுக்கு 1983 முதல் நம் நாட்டில் மரணம் ஒன்றே தண்டனையாக இருந்தது. கைப்பையிலோ பெட்டியிலோ பொருள் இருந்தால் அது அவர் வசம் இருந்ததாகவும், அவர் அறிந்தே வைத்திருந்ததாகவும் சட்டம் ஊகித்துக்கொள்ளும். அளவு மிகுந்தால் கடத்தலென்றும் ஊகித்துக்கொள்ளும். ஓர் ஊகத்தின் தோளில் இன்னோர் ஊகத்தை ஏற்றி ஒருவரைத் தூக்குமேடைக்கு அனுப்ப இடந்தந்த 37ஏ பிரிவை, 2019 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் அரசியலமைப்புக்கு மாறானது என்று தள்ளியது. 2023-இல் கட்டாய மரண தண்டனையை நீக்கும் சட்டம் நிறைவேறி அவ்வாண்டு ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. மரண தண்டனை ஒழிந்துவிடவில்லை, கட்டாயம் ஒழிந்தது. முன்னரே தீர்ப்புப் பெற்று இருட்டறையில் நாள் எண்ணிக்கொண்டிருந்தவர்களின் தண்டனையை ஒவ்வொன்றாக மீண்டும் எடுத்து நோக்கக் கூட்டரசு நீதிமன்றத்துக்குத் தனிச்சட்டம் அதிகாரம் தந்தது. தேர்தல் என்று வள்ளுவர் சொன்னதற்கு நாற்பது ஆண்டு கழித்து இடம் கிடைத்தது. அந்த நாற்பது ஆண்டில் கயிற்றுக்கு அஞ்சிப் போதைப்பொருள் நாட்டை விட்டு ஓடியதா என்பதை நாளேடு படிப்பவர் எவரும் சொல்வர்.

இதைக் கேட்டதும் சிலர் வெகுள்வர். "உம் வீட்டில் திருடன் புகுந்தால் அப்போது தெரியும்" என்பர். அது வெறும் சினமன்று. அதில் உண்மை உண்டு. லயத்தில் வாழ்ந்தவளின் ஒரே பொற்சங்கிலியை அறுத்துச் சென்றவனைப் பற்றி அவளிடம் போய்க் கண்ணோட்டம் பேச முடியாது. காவல்நிலையம் இல்லாத ஊரை எவரும் விரும்பார். அச்சம் ஒருவனைத் தீமையினின்றும் தடுத்து நிறுத்துவதும் மெய்யே. ஆனால் எதற்கு அஞ்சுகிறான்? இத்தாலிய அறிஞர் பெக்காரியா 1764-இல் வெளியிட்ட சிறுநூலில் இதை ஆராய்ந்தார். தண்டனையின் கொடுமையைவிட அது தப்பாமல் வரும் என்னும் உறுதியே குற்றத்தைத் தடுக்கும் என்பது அவர் முடிவு. தப்பாமல் வருவதற்கு உண்மையான குற்றவாளி அகப்படவேண்டும். அகப்படுவதற்கு ஆராய்ச்சி வேண்டும். கோவலன் வெட்டுண்ட அன்று மதுரையில் யாருக்குப் பாதுகாப்புக் கூடியது? பொற்கொல்லனுக்கு மட்டுமே. அரசியின் சிலம்பைத் திருடியவன் அவன்தான். பிழையான தண்டம் இரு தீமை செய்கிறது: குற்றமற்றவனைக் கொல்கிறது, குற்றவாளிக்கு வேலியாகிறது.

சட்டம் யாருடைய வேலி என்னும் வினாவைத் தோட்ட மக்கள் நூலில் படித்து அறியவேண்டியதில்லை. ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் ஒழியும் வரை, தோட்டத்தை விட்டு ஓடிய தொழிலாளி குற்றவாளியாகச் சிறை சென்றான். அவன் திருடியது தன் கால்களையே. அந்தச் சட்டமும் சட்டமே. அதற்கும் நீதிபதி இருந்தார், முத்திரை இருந்தது.

ரவாங்கிலிருந்து நெடுஞ்சாலையில் வடக்கே சென்றால் செரண்டாவைக் கடந்து பத்தாங் காலி வரும். கணபதி பிடிபடுவதற்கு மூன்று மாதம்கூட ஆகவில்லை. 1948 டிசம்பர் 11, 12 ஆகிய நாட்களில் அங்கிருந்த ரப்பர்த் தோட்டமொன்றில் ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படைப்பிரிவினர் சீனத் தொழிலாளர் 24 பேரைச் சுட்டுக் கொன்றனர். அவர்கள் கையில் ஆயுதம் இல்லை. தப்பியோட முயன்றபோது சுடப்பட்டனர் என்று அரசு அறிவித்தது. 1949 ஜனவரியில் அவசரகால விதிகளில் 27ஏ என்று ஒன்று சேர்க்கப்பட்டது. தப்பியோடுவோரைத் தடுக்கக் கொலைக்கருவியைப் பயன்படுத்தலாம் என்பது அதன் பொருள். அதோடு நில்லாமல், இவ்விதி முன்பே இருந்திருந்தால் எச்செயல் முறையாகியிருக்குமோ அச்செயல் விதி வருமுன் செய்யப்பட்டிருந்தாலும் முறையானதே என்றும் அது கூறியது. கொலை முன்னே, சட்டம் பின்னே!

ஒரு துப்பாக்கி வைத்திருந்தவருக்கு 64 நாளில் கயிறு. 24 உயிர்க்கு ஒருவர் மீதும் வழக்கில்லை. 1970-இல் அப்படைவீரர் சிலரே லண்டன் இதழொன்றில் உண்மையை வெளியிட்டனர். அப்போது தொடங்கிய புலனாய்வும் பாதியில் நிறுத்தப்பட்டது. 2012-இல் லண்டன் உயர்நீதிமன்றம், வேண்டுமென்றே கொன்றமைக்குச் சான்று இருப்பதை ஒப்புக்கொண்டும், விசாரணைக்கு ஆணையிட மறுத்தது. 2015 நவம்பரில் பிரிட்டிஷ் உச்சநீதிமன்றமும் உறவினரின் மேல்முறையீட்டைத் தள்ளியது.

இதை அறிந்த பின் வழக்குரை காதையை மீண்டும் படித்தேன். முன்பு படித்தபோது கண்ணகியின் சினமே கண்ணை நிறைத்தது. இப்போது வாயில்காவலன் கண்ணில் பட்டான். ஒற்றைச் சிலம்போடு தலைவிரி கோலமாய் வந்து நிற்கும் அயலூர்ப் பெண்ணை, வருக என்று உடனே உள்ளே விடும் அரண்மனை அது. கள்வனைக் கொல்வது கொடுங்கோல் அன்று என்று மன்னன் வாதிடுகிறான். அதுவரை அவன் சட்டத்தின் குரலில் பேசுகிறான். சிலம்பினுள் இருப்பது மாணிக்கம் என்று அவள் சொன்னதும், தம் சிலம்பில் இருப்பது முத்து என்று மறையாமல் சொல்கிறான். சொல்லாமல் விட்டிருக்கலாம். காலையில் வெட்டியதை மாலையில் முறையாக்கும் விதியொன்றை எழுதியும் இருக்கலாம். பரல் தெறித்ததும், தானே கள்வன் என்று ஒப்பி அரியணையிலிருந்து விழுந்து இறக்கிறான். பாண்டியனின் ஆட்சியில் கோவலனைக் காக்கும் வாயில் திறந்தேதான் இருந்தது. அவனை அந்த வாயிலுக்கு வரவிடவில்லை என்பதே குற்றம்.

மதுரையில் இது முதற்பிழையுமன்று. கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் கூறும் வார்த்திகன் கதையை நம்மில் பலர் தேர்வுக்குக்கூடப் படிப்பதில்லை. சிறுவன் ஒருவன் அணிந்திருந்த நகையைக் கண்டு பொறாமை கொண்டவர், அவன் தந்தை வார்த்திகன் புதையல் எடுத்துவிட்டான் என்று குற்றம் சாட்டினர்; அரசின் ஏவலர் அவனைச் சிறையிட்டனர். அவன் மனைவி மண்ணில் புரண்டு அழுதாள். கொற்றவை கோயிற் கதவு திறவாமல் நின்றது. கதவு ஏன் திறவவில்லை என்று மன்னன் கேட்டான், ஆராய்ந்தான், வார்த்திகனை விடுவித்தான், பொறுக்கவேண்டும் என்று வேண்டினான், திருத்தங்காலையும் வயலூரையும் கொடுத்தான், சிறையிருந்தாரை விடுவிக்கச் செய்தான். அதே பொறாமை, அதே பொய், அதே ஏவலர். வேறுபாடு ஒன்றுதான்: வார்த்திகன் உயிரோடு இருந்தான். சிறை தந்த பிழையைத் திருத்த ஒரு நாள் கிடைத்தது. இளங்கோவடிகள் இக்கதையைக் கோவலன் கொலைக்குப் பின் கண்ணகியின் காதில் போடுகிறார். பாண்டியனைப் புகழ்வதற்கென்று உரைகாரர் கூறுவர். எனக்கோ, திருத்தக்கூடிய தண்டத்தையும் திருத்தவொண்ணாத தண்டத்தையும் அருகருகே வைத்துக் காட்டுவதாகவே படுகிறது.

இவ்வளவு நுண்மையாகத் தண்டத்தை ஆராய்ந்த காப்பியத்தில் ஒரு கறையும் உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது திறனாய்வாகாது. நெடுஞ்செழியனுக்குப் பின், கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் பொற்கொல்லர் ஆயிரவரை ஒரே பகலில் பத்தினிக்குப் பலியூட்டினான் என்று நீர்ப்படைக் காதையில் மாடலன் சேரனுக்குச் சொல்கிறான். உரைபெறு கட்டுரையும் அதையே கூறி, அதன்பின் மழை பெய்தது, நோயும் துன்பமும் நீங்கின என்கிறது. திருடியவன் ஒருவன். மற்ற 999 பேர் செய்த குற்றம் யாது? அவன் தொழிலைச் செய்தது. ஒருவனை ஆராயாமல் கொன்றதற்கு நூல் முழுதும் நம்மை அழவைத்த காப்பியம், ஆயிரம் பேரை ஆராயாமல் கொன்றதை மழைக்கு விலையாகச் சொல்லிக் கடந்துவிடுகிறது. அக்காலத்து நம்பிக்கை என்று அமைதி சொல்லலாம், சொல்பவர் சொல்க.

ஆனால் அது அக்காலத்தோடு போகவில்லை. அதே நெடுஞ்சாலை வடக்கே தஞ்சோங் மாலிமில் சிலாங்கூர் எல்லையைக் கடக்கிறது. 1952 மார்ச் 25-இல், வெட்டப்பட்ட தண்ணீர்க்குழாயைப் பழுதுபார்க்கச் சென்ற குழுவினரும் உடன்சென்ற காவலருமாக 12 பேர் அங்கே பதுங்கித் தாக்கியோரால் கொல்லப்பட்டனர். கொடுஞ்செயல்தான். ஹைகமிஷனர் டெம்ப்ளர் நேரில் வந்து ஊர்ப்பெரியவர்களை வைதார், நாளொன்றுக்கு 22 மணிநேர ஊரடங்கு விதித்தார், அரிசிப் பங்கீட்டைக் குறைத்தார், பள்ளிகளை மூடினார். சுட்டவர் காட்டில் இருந்தனர். அரிசி குறைந்தது ஊரில் இருந்த குழந்தைகளுக்கு. வாய்திறவாத ஊரை வாய்திறக்க வைத்த உறுதி என்று இதைப் புகழும் நூல்கள் உண்டு. துப்புச் சொன்னால் காட்டிலிருந்து கத்தி வரும், சொல்லாவிட்டால் பானையில் அரிசி வராது என்னும் நிலையில் இருந்தவனைக் காத்தது எந்தச் சட்டம் என்று அந்நூல்கள் எழுதவில்லை.

கோவலன் கொலைக்கு வழிவகுத்த ஆணையில் மன்னனின் நாப்பிழையைக் கண்டு அமைதி கூறப் பழைய உரை இருக்கிறது. அடியார்க்குநல்லாரின் விரிந்த உரையோ வஞ்சிக் காண்டத்துக்குக் கிடைக்கவில்லை. அந்த ஆயிரவரைப் பற்றி அவர் ஏதேனும் எழுதினாரா, எழுதியிருந்தால் எந்த எச்சத்தை எங்கே மாற்றிப் படிக்கச் சொல்லியிருப்பார் என்று வகுப்பில் அப்பகுதியை நடத்தும்போதெல்லாம் எண்ணிப் பார்க்கிறேன்.